ஓடையில் இறங்கிய பழைய ஜீப்பா? டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் பழைய ஜீப் ஓட்டுபவர்கள், மழைக்காலத்தில் ஓடையில் இறங்கி ஏறினால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை அவசியம் பாருங்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்சில் மேலே காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் சேறடைத்துக் கிடந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

வண்டி ஆறியதும் டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங், கிரவுன் பல் எல்லாம் போய்விடும். அந்தச் செலவுக்கு முன்னால் ஆயில் காசு ஒன்றுமே இல்லை. முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். மேல் பிளக் துருப்பிடித்துக் கழலாவிட்டால் மட்டும் கீழ் பிளக்கைத் தொடாதீர்கள், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. அப்புறம், பிரீதரை மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.