தொண்டையில் மீன் முள்ளா? சோற்றை உருட்டாதீர்கள்

சாப்பாட்டு நேரத்தில் தொண்டையில் சுருக்கென்று முள் குத்தினால் நம் வீடுகளில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒருவர் வெறும் சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, "மெல்லாம அப்படியே முழுங்கு" என்று நீட்டுவார். அதற்கு இறங்கவில்லையென்றால் இன்னொரு உருண்டை, அப்புறம் வாழைப்பழம், அப்புறம் காய்ந்த ரொட்டி. பதறிப்போய் அன்போடு செய்வதுதான். ஆனால் முள் மாட்டினால் செய்யக்கூடாதவற்றில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முள் பெரும்பாலும் குத்தி நிற்பது டான்சிலில், அல்லது நாக்கின் அடிப்பகுதியில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே குரல்வளையை ஒட்டிய குழிகளில். டான்சிலிலோ நாக்கின் அடியிலோ இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் பெரும்பாலும் உங்களை நாற்காலியில் உட்கார வைத்தே எடுத்துவிடுவார். அந்த முள்ளின் மேல் சோற்று உருண்டையை இடிக்கும்போது அது பிடுங்கிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடலாம். ஊரெல்லாம் பேசப்படுவது இந்தக் கதைதான். முள் பாதியில் ஒடிந்து, நுனி மட்டும் சதைக்குள் புதைந்துகொள்ளவும் செய்யலாம். அல்லது அங்கிருந்து கழன்று கீழே உணவுக்குழாயில் போய்க் குத்தி நிற்கலாம். அப்படி நின்றால் எண்டோஸ்கோப்பி இல்லாமல் எடுக்க முடியாது, பல நேரம் மயக்க மருந்தும் வேண்டியிருக்கும். வயிறு நிறைய சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. முள் எடுக்கப் போன இடத்தில், விழுங்கிய சோற்றுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

"உருண்டை முழுங்கினேன், சரியாயிடுச்சு" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. நிறைய முட்கள் எச்சிலோடு தானாகவே இறங்கிவிடும். அந்தப் பெயர் சோற்றுக்குப் போய்விடுகிறது.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்கும் என்ற நம்பிக்கையும் பலமாக இருக்கிறது. இரவெல்லாம் புளிக்குழம்பில் ஊறிய மத்தியை மறுநாள் சாப்பிடும்போதும் முள் குத்தத்தானே செய்கிறது? தொண்டையைத் தொட்டுவிட்டு நொடியில் வழுக்கிப் போகும் சாறு எதைக் கரைக்கும்? ஏற்கெனவே கீறிய இடம் எரிவதுதான் மிச்சம். விரலைவிட்டுத் துழாவுவது, வலுக்கட்டாயமாக வாந்தி எடுப்பது, கழுத்தை வெளியிலிருந்து நீவிவிடுவது, இவற்றாலும் முள் இன்னும் ஆழமாகத்தான் குத்தும்.

முதுகில் தட்டுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பேச முடியவில்லை, இரும முடியவில்லை, மூச்சு வரவில்லை என்றால் அது முள் குத்தல் இல்லை, மூச்சுப்பாதை அடைப்பு. உடனே 108-க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் ஆளை முன்பக்கம் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்ட வேண்டிய நேரம் அது. மூச்சு நன்றாக வருகிறது, பேச்சு வருகிறது, குத்துகிறது என்று கையால் காட்டுகிறார் என்றால் தட்டாதீர்கள்.

அப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். சாப்பாட்டை அதோடு நிறுத்துங்கள். லேசாக இருமிப் பாருங்கள். ஒரு மிடறு தண்ணீர் போதும். அதற்குமேல் தொண்டையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

இதில் ஏமாற்றுவது நம் தொண்டையின் உணர்வுதான். முள் போன பிறகும் கீறல் விட்டுச்சென்ற உறுத்தல் ஓரிரு நாள் இருக்கும். முள் இன்னும் இருக்கிறது என்றே தோன்றும். நேர்மாறாக, சதைக்குள் புதைந்த முள் சில மணி நேரம் வலியே இல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு சீழ் வைக்கும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் குத்தினால் முள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். லேசான உறுத்தல், நேரம் ஆக ஆகக் குறைகிறது என்றால் மறுநாள் வரை பார்க்கலாம். மறுநாளும் போகவில்லையென்றால் காட்டாமல் விடாதீர்கள்.

போகும் இடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, "ஒண்ணும் தெரியல" என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மெல்லிய மீன் முட்கள் பல எக்ஸ்ரேயில் தெரியாது. வலி அப்படியே இருக்கும்போது அந்தப் படத்தை நம்பக்கூடாது. சந்தேகம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

தொண்டை மருத்துவர் முதலில் வெளிச்சம் போட்டு வாய்க்குள் பார்ப்பார். தெரியவில்லையென்றால் கசக்கும் மரப்பு மருந்தைத் தொண்டையில் பீய்ச்சிவிட்டு, மூக்கு வழியாக நூடுல்ஸ் தடிமனில் ஒரு குழாய்க் கேமராவை இறக்குவார். சின்ன முள் எச்சில் இழை போலவே இருக்கும். வெள்ளையாக, அசையாமல் நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் செல்போன் டார்ச்சும் புருவம் திருத்தும் இடுக்கியும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயல்வது ஏன் ஆகாது என்பது அப்போது புரியும். மரப்பு போகும்வரை சுமார் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, புரையேறிவிடும்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: என்ன மீன், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அதற்குப் பிறகு என்னென்ன விழுங்கினீர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. கட்லா, ரோகு, கெண்டையில் சதைக்குள்ளேயே கவட்டை முட்கள் இருக்கும். மத்தி முள் முடி மாதிரி. தட்டில் அதே மீனின் முள் கிடந்தால் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று அவருக்குத் தெரிவது நல்லது.

வயதானவர்களிடமும் குழந்தைகளிடமும் பொறுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். மேல் அண்ணம் முழுவதையும் மூடும் பல்செட் போட்டவர்களுக்கு வாய்க்குள் முள் இருப்பதே தெரியாது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 1982-இல், 82 வயதில், தொண்டையில் சிக்கிய மீன் முள்ளை அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது: மீன் சாப்பிட்ட பிறகு எச்சில் ஒழுகுகிறது, பிடித்ததைக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மறுக்கிறது என்றால் அதுவே போதுமான காரணம்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, வாயில் ரத்தம், மூச்சுத்திணறல், குரல் மாற்றம், கழுத்து வீக்கம், காய்ச்சல், நெஞ்சிலோ முதுகிலோ வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போங்கள். உணவுக்குழாயில் துளை விழுந்து நெஞ்சுக்குள் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே மாட்டிய கூர்மையான பொருளைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது அதனால்தான்.

வயிற்றுக்குள் போய்விட்ட முள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். வாழைப்பழமோ பேதி மருந்தோ தேவையில்லை. அபூர்வமாகச் சில முட்கள் குடலைக் குத்துவதுண்டு. அடுத்த சில நாட்களில் கடுமையான வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே மீன் முள் விழுங்கியதைச் சொல்லிவிடுங்கள்.