குழந்தைகளோடு கோடை மலை நடை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

வரைபடத்தில் 8 கி.மீ. என்று இருக்கிறது. மணிக்கு 4 கி.மீ. நடக்கலாம், இரண்டு மணி நேரம் ஆகும், பிள்ளைகள் கூட வருவதால் மூன்று என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புகிறவர்களில் பலர் சறுக்குவது இந்தக் கணக்கில்தான், இன்னும் காலில் ஷூ கூட மாட்டாத நேரத்தில்.

இதற்கென்றே பழைய சூத்திரம் ஒன்று உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: தூரத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 8 கி.மீ. தூரமும் 450 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இது 1 மணி 36 நிமிடத்தோடு 45 நிமிடம், ஆக 2 மணி 21 நிமிடம். ஆனால் இது திடமான பெரியவர் நிற்காமல் நடக்கும் நேரம். ஏழெட்டு வயதுப் பிள்ளை கூட வந்தால் இரண்டால் பெருக்குங்கள். சாப்பிட, ஓடையில் கல் எறிய, ஒன்றுக்குப் போக என்று மேலே ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்கால் மணி நேரம் வருகிறது. மூன்று மணி நேரம் என்று நினைத்துப் பத்து மணிக்குக் கிளம்பியவர்கள் உச்சி வெயிலை முழுதாக வாங்கிக்கொண்டு ஏறுவது இதனால்தான்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு எந்தச் சூத்திரமும் செல்லாது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். பாதையைக் குறுக்கே கடக்கும் ஒரு வண்டு பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். அதை வீணான நேரம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்கு அன்றைய பயணமே அந்த வண்டுதான்.

பாதி வழி பாதி அல்ல

பெரியவர்கள் தெம்பை மிச்சம் பிடித்து நடப்போம். பிள்ளைகள் அப்படியில்லை. முதல் மணி நேரத்தில் முன்னும் பின்னும் ஓடி, பாறைகள் எல்லாவற்றிலும் ஏறி, இருப்பதையெல்லாம் செலவழித்துவிடுவார்கள். அதனால் "களைத்துப்போனால் திரும்பிவிடலாம்" என்பது திட்டமே அல்ல. களைப்பு தெரியும்போது வந்த தூரம் முழுக்க இன்னும் திரும்பி நடக்கக் கிடக்கும். தெம்பில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டிய புள்ளியை இடமாக வைக்காமல் மணியாக வையுங்கள்: "பதினோரு மணிக்கு எங்கே இருக்கிறோமோ, அங்கிருந்து திரும்புகிறோம்." காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது. அந்த வாக்குவாதத்தைப் பெரும்பாலும் ஆரம்பிப்பது பெரியவர்கள் என்பது வேறு விஷயம்.

"கால் வலிக்குது" என்று சொல்லும் பிள்ளையைவிட ஒன்றும் சொல்லாத பிள்ளையைக் கவனியுங்கள். தொணதொணத்துக்கொண்டே வந்தவன் வாய் மூடுவது, சமதளத்தில் இரண்டு தடவை தடுக்குவது, காரணமில்லாமல் தங்கையிடம் எரிந்து விழுவது, இவையெல்லாம் பசியோ தண்ணீர்க் குறைவோ அசதியோதான். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நிழல் அரை மணி தூரத்தில் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனால், அந்த அரை மணி ஒன்றரை மணியாகும்.

"இதோ வந்துடுச்சு, அந்தத் திருப்பம் தாண்டினா போதும்" என்ற பொய்யும் வேண்டாம். முதல் தடவை நம்பும் பிள்ளை மூன்றாவது தடவை நடுவழியில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிருக்காது. கிலோமீட்டர் கணக்கும் அவர்களுக்கு ஒன்றுதான், காதில் ஏறாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: முதலில் மரப்பாலம், அப்புறம் பெரிய பாறை, அங்கே சாப்பாடு.

கால்

புது ஷூவைக் கிளம்பும் நாளன்று பெட்டியிலிருந்து எடுப்பது எல்லோரும் அறிந்த தவறு, இருந்தும் நடக்கிறது. அளவு பார்க்க விரலால் ஷூவின் முனையை அழுத்திப் பார்ப்பது போதாது. அழுத்தும்போது பிள்ளைகள் விரலை உள்ளே மடக்கிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்க, நீளமான கால்விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். குறைந்தால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுக்கும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு சென்டிமீட்டர் விட்டு வாங்கினால் குதிகால் உள்ளே ஏறி இறங்கி, தோல் உரியும். வாங்கியதும் இரண்டு வாரமாவது அன்றாட நடைக்கு அதையே போட விடுங்கள்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும், ஓடையில் கால் விடாத பிள்ளை கிடையாது.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சூடாகும், "இங்க எரியுது" என்பார்கள். "இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்வதுதான் தவறு. அந்த நிமிடமே நின்று, சாக்ஸைக் கழற்றி, மணலை உதறி, தோலை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சிவந்த இடத்தைவிடச் சற்றுப் பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டிய பிளாஸ்டர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கூர்மூலை விட்டால் சாக்ஸில் மாட்டி உரிந்துவிடும், சுருக்கம் இருந்தால் அதுவே அடுத்த கொப்புளத்தை உண்டாக்கும். மொத்தம் நான்கு நிமிட வேலை. கொப்புளம் எழும்பியேவிட்டால் உடைக்காமல், நடுவில் துளை வெட்டிய மெத்தென்ற ஒட்டுப்பட்டையைச் சுற்றிலும் ஒட்டி அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கம் தொடங்கும் முன் எல்லோருடைய லேஸையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் கால் முன்னே நழுவாது.

தண்ணீரும் வெயிலும்

"தாகமா இருக்கா?" என்று கேட்டால் விளையாட்டில் இருக்கும் பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும். கேட்க வேண்டாம், கொடுங்கள். 9 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு வெயிலில் நடக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மி.லி. தேவை. சிறியவர்களுக்கு அதே இடைவெளியில் சில வாய். முதலில் போட்ட கணக்குப்படி நிற்கும் நேரம் போக 4 மணி 40 நிமிடம் நடை. 150 மி.லி. வீதம் ஒரு பிள்ளைக்கே 2 லிட்டர் ஆகிறது. ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று என்று கிளம்புவது எவ்வளவு குறைவு என்று இதில் தெரியும். அந்த 2 லிட்டரையும் பிள்ளையே சுமக்கக் கூடாது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதுகில் 2.5 கிலோவுக்கு மேல் கூடாது, அதற்குள் மழைக்கோட்டும் சாப்பாடும் வர வேண்டும். ஆனால் ஒரு சின்னப் பையாவது அவர்களிடம் இருக்கட்டும். தன் தண்ணீரைத் தானே சுமக்கும் பிள்ளை குடிக்கவும் செய்கிறது.

வழியில் ஓடும் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். தின்பண்டத்தை முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கொஞ்சம் உப்புள்ளதும் இருக்கட்டும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்பு, முழுக் கடலை வேண்டவே வேண்டாம். யாராக இருந்தாலும் நடந்துகொண்டே தின்ன விடாதீர்கள். மேடுபள்ளத்தில் ஒரு தடுக்கல் போதும், தொண்டையில் அடைத்துக்கொள்ள.

பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், வியர்வையோ குறைவு. எனவே நம்மைவிட வேகமாகச் சூடாவார்கள். முகம் வெளிறி, தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து, கூடுதல் துணியைக் கழற்றி, நனைத்துவிட்டு விசிறுங்கள், குடிக்கக் கொடுங்கள், அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது. பேச்சு குழறினாலோ, ஆளே குழம்பியது போல் நடந்துகொண்டாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்ப மயக்கத்தின் உயிராபத்தான கட்டம். உடலை உடனே குளிர்விக்கத் தொடங்கி, அவசர உதவியை அழைக்க வேண்டும். அந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், காற்றோ 6.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும். குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாது. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுங்கள். காது மடல், பின்கழுத்து, முழங்காலின் பின்புறம் ஆகியவை வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழலும் முழுக்கைச் சட்டையும்தான்.

முதுகில் இருக்கும் குழந்தை

இதைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. முதுகில் மாட்டும் கேரியரில் குழந்தையைச் சுமப்பவருக்கு உடல் கொதிக்கும், வியர்வை கொட்டும், "நல்ல சூடா இருக்கு" என்று நினைப்பார். பின்னால் இருப்பதோ அசையாமல் உட்கார்ந்து காற்று வாங்கும் குழந்தை. மேகம் மூடி, மேட்டில் காற்றடித்தால் அதற்குக் குளிர்ந்துவிடும். அல்லது நேர்மாறாக, வெயில் படாமலிருக்க மேலே துணியைப் போர்த்திவிட்டால் உள்ளே காற்றோட்டமின்றிப் புழுங்கும். கையைத் தொட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை பின்கழுத்தில், சட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருக்க வேண்டும்.

தொங்கும் கால்களைப் பாருங்கள். கால் வைக்கும் மிதி இல்லாவிட்டாலோ உயரம் பொருந்தாவிட்டாலோ இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தி, கால் மரத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டுத் தவழவோ நடக்கவோ விடுங்கள். தானாக நிமிர்ந்து உட்காராத குழந்தைக்குச் சட்டகம் வைத்த கேரியர் ஆகாது. கீழே இறக்கும்போது கேரியர் தானாக நிற்கிறதே என்று குழந்தையை அதிலேயே விட்டுவிட்டுப் பையைத் திறக்கப் போவார்கள். சரிவில் அது சாய ஒரு நொடி போதும். மரக்கிளையும் மறந்துபோகும். நீங்கள் குனிந்து தப்பினாலும், உங்கள் தலைக்கு மேல் இன்னொரு தலை இருக்கிறது.

இடி, ஆறு, வரிசை

கோடையில் மலைமேல் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் கேட்டால் மேட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். ஒற்றை மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பக் கிளம்ப வேண்டும். பனி உருகி ஓடும் ஆறுகள் காலையில் கணுக்கால் அளவு இருந்தாலும் மாலையில் ஏறியிருக்கும். ஓடுகிற நீர் பிள்ளையின் முழங்காலைத் தொடுமானால் கடக்க வைக்காதீர்கள்.

வேகமாக நடக்கும் பெரிய பிள்ளையை முன்னால் தனியாக விடுவது வழிதவறலின் வழக்கமான தொடக்கம். முன்னால் ஒரு பெரியவர், அவரை ஒட்டி மிக மெதுவாக நடக்கும் பிள்ளை, கடைசியில் இன்னொரு பெரியவர். பாதை பிரியும் இடங்களில் எல்லோரும் சேரும்வரை யாரும் நகரக் கூடாது. காணாமல் போன பிள்ளைகள் தேடி அலைந்து இன்னும் தள்ளிப் போவதும், திட்டுவார்கள் என்று பயந்து கூப்பிடும் குரலுக்குப் பதில் தராமல் ஒளிந்துகொள்வதும் உண்டு. கலிஃபோர்னியாவில் மலையில் வழிதவறி ஒரு சிறுவன் இறந்த பிறகு, 1981-இல் பிள்ளைகளுக்கு 'மரத்தைக் கட்டிக்கொள்' என்ற பாடத்தைக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். வழி தெரியாவிட்டால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, அவ்வளவுதான். கழுத்தில் ஒரு விசில், மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடையோடு ஒரு படமும், ஷூவின் அடிப்பகுதியை ஒரு படமும் எடுத்துவையுங்கள். தேடுகிறவர்களுக்குத் தடம் பார்க்க அது உதவும்.

வீட்டில்

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் நடந்தால் மேலே சொன்ன எதுவும் பிள்ளைகளுக்குப் பழகாது. கடைக்குப் போகும்போது அந்த ஷூ, மாலை நடையில் தண்ணீர் வைத்த அந்தச் சின்னப் பை, மலை இறக்கத்துக்குப் பழக, மாடிப்படியில் இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைப்பது, கண்ணாமூச்சியில் விசில், இப்படி அன்றாடத்தில் கலந்துவிட்டால் போதும். வெட்டவெளியில் ஒதுங்குவதைக்கூட முன்பே சொல்லிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

திரும்பிய அன்று குளிப்பாட்டும்போது தலைமுடி ஓரம், காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், முழங்காலின் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். பின்னால் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அதே தாளில் கிளம்பிய மணி, திரும்பிய மணி, தூரம், ஏற்றம், மீந்த தண்ணீர் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை நெய்ஸ்மித்தை எத்தனையால் பெருக்குவது என்பதை அந்தத் தாளே சொல்லும்.