ஸ்கேன் துண்டில் ‘ஈரலில் கொழுப்பு’ என்று வந்த பிறகு நாம் விடும் பிழைகள்

போன வருடம் மாமாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தில் எடுத்தது. கல் இல்லை, ஆனால் துண்டின் கடைசி வரியில் ‘ஈரலில் கொழுப்பு, கிரேட் 1’ என்று இருந்தது. மட்டக்களப்பிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குத் திரும்பிப் போகும்போதே, “இது இப்ப எல்லாருக்கும் இருக்காம், ஒன்றுமில்லை” என்று சொல்லித் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். மாமியோ பயந்துபோய் அன்று பின்னேரமே, ஈரலுக்கு நல்லதென்று சாறு பிழியும் கீழ்க்காய்நெல்லி மூலிகையைப் பிடுங்க ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் செய்தது பிழைதான். படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கமும் வீட்டுக்கு வீடு இந்தப் பிழைகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

‘எல்லாருக்கும் இருக்கு’ என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2007இல் கொழும்புக்கு அருகே ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஆனால் பலருக்கு இருப்பதாலேயே ஒரு நோய் தீங்கில்லாதது ஆகிவிடாது. பெரும்பாலானவர்களுக்கு அது கொழுப்போடு நின்றுவிடும், ஒரு பகுதியினருக்கு ஈரல் அழற்சியாகி, தழும்பு விழுந்து, வருடக்கணக்கில் இறுகி சிரோசிஸ் வரை போகும். அதுவரைக்கும் பெரிதாக நோகவும் செய்யாது. நோகாததால் தள்ளிப்போடுகிறோம்.

அடுத்த பிழை அந்த ‘கிரேட்’டை நம்புவது. கிரேட் 1 என்றால் லேசான நோய், கிரேட் 3 என்றால் முற்றிய நோய் என்று நினைக்கிறோம். அது கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது, தழும்பைச் சொல்லவில்லை. நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது, பின்னால் யாருக்கு ஈரல் கெடும் என்பதைத் தழும்பின் அளவுதான் தீர்மானிக்கிறது, கொழுப்பின் அளவு அல்ல என்பதே. சாதாரண ஸ்கேனில் ஆரம்பத் தழும்பு தெரியாது.

சரி, தழும்பை எப்படி அறிவது? இங்கேதான் நம் கையிலேயே இருக்கும் ஒன்றை விட்டுவிடுகிறோம். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களுக்காக 2006இல் வந்தது, இப்போது கொழுப்பு ஈரலுக்கும் முதல் படியாக இதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். ஈரலுக்கான இரத்தச் சோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு அளவுகளும், இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கையும் இதற்குப் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். மாமாவுக்கு வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,75,000 (கணக்குக்கு 175 என்று போட வேண்டும்). லேப் துண்டில் எல்லாமே நோர்மல், எதற்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. கணக்குப் போட்டால் 2.1 வருகிறது. 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67க்கு மேலே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம், இடையில் நின்றால், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை வேண்டும். மாமா இடையில் நின்றார். ‘எல்லாம் நோர்மல்’ என்ற துண்டைப் பார்த்து நிம்மதியாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்கவே செய்யாது.

இதிலும் இரண்டு இடத்தில் தவறலாம். 65 வயதுக்கு மேல் கீழ் எல்லையை 2.0 என்று எடுக்க வேண்டும், 35க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. அப்புறம், டெங்கு வந்து கிடக்கும்போது எடுத்த துண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், கணக்கு பொய்யாகப் பயமுறுத்தும். சுகமாகிச் சில வாரம் போகட்டும்.

இனிக் கீழ்க்காய்நெல்லி. மாமியிடம் இதைப் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை, ஏனென்றால் அவருடைய நம்பிக்கை வெறும் கதை அல்ல. 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த நோபல் அறிஞர் புளும்பர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழ்க்காய்நெல்லித் தூள் கொடுத்தபோது 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போனது, வெற்றுத் தூள் (மருந்தில்லாத தூள்) கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு சிறிய ஆய்வு கதவைத் தட்டும், வேறு கைகள் திரும்பச் செய்து அதே பலன் வந்தால்தான் கதவு திறக்கும். அதுவும் அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது, கொழுப்பு ஈரல் பற்றியது அல்ல.

“பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகமாச்சே” என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். செமாகுளுடைட் என்ற ஊசிமருந்தை, ஈரலில் அழற்சியும் தழும்பும் இருந்த 800 பேரிடம் 72 வாரம் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 63 வீதமானோருக்கு அழற்சி தணிந்தது. வெற்று ஊசி போட்டவர்களிலும் 34 வீதமானோருக்குத் தணிந்தது! மருந்தே இல்லாமல் மூன்றில் ஒருவருக்குச் சுகமாகிறது என்றால், அக்கா குடித்த சாறுதான் சுகமாக்கியது என்று எப்படிச் சொல்வது? இந்த ஒப்பீட்டுக்காகத்தான் வெற்று மருந்து வைத்துச் சோதிக்கிறார்கள். 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் இந்த ஊசியை இதற்கு அனுமதித்தபோதும், நடுத்தரம் முதல் முற்றியது வரை தழும்பு உள்ள, ஆனால் சிரோசிஸ் ஆகாதவர்களுக்குத்தான் அனுமதித்தார்கள். கிரேட் 1 துண்டை வைத்துக்கொண்டு பாமசியில் ஊசி தேடுவதும் பிழைதான்.

சாறு குடிப்பது ஆளையே கொண்டுபோகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய் வந்தவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாகிறது. ‘செங்கமாரி’ என்று பரியாரியாரிடம் ஓடுகிறார்கள், சாறு குடித்துப் பத்தியம் காக்கிறார்கள், மூன்று நாள் போய்விடுகிறது. அது எலிக்காய்ச்சலாக இருந்தால் அந்த மூன்று நாளில் சிறுநீரகமும் கெட்டுவிடலாம். மஞ்சள் கண் ஒரு அறிகுறி, அதற்குப் பின்னால் பத்து நோய் இருக்கலாம். வேளாண்மை வேலையும் காய்ச்சலும் மஞ்சள் கண்ணும் ஒன்றாக வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வயலில் இறங்கியதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். மது குடிக்கிறவர் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், கசிப்பென்றாலும். தினமும் நிறையக் குடிக்கிறவர் வைத்தியரிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

கொலஸ்ட்ரோல் குளிசையை ‘ஈரலுக்குக் கூடாது’ என்று தாமாகவே நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது மாரடைப்புதான், அதைத் தடுக்கும் ஸ்டேட்டின் குளிசை கொழுப்பு ஈரலில் பாதுகாப்பானது. நிறுத்துவதற்கு முன் கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கள். ‘நான் மெலிந்த ஆள், எனக்கு வராது’ என்ற நம்பிக்கையும் வேண்டாம். நம்மவர்களுக்கு இடுப்பளவில் ஆணுக்கு 90 சென்டிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பதே எல்லை.

நிறையைக் குறைப்பதற்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. கியூபாவில் 293 பேரை 52 வாரம் பின்தொடர்ந்து, ஈரலில் ஊசி வைத்துச் சிறு சதைத் துண்டெடுத்துப் பார்த்தார்கள். உடல் நிறையில் பத்திலொன்றைக் குறைத்தவர்களில் 90 வீதமானோருக்கு அழற்சி போயிருந்தது, 45 வீதமானோருக்குத் தழும்பே குறைந்திருந்தது. ஆனால் அந்த அளவுக்குக் குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான், கஷ்டமான வேலை அது. அதற்காக ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதீர்கள், வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் வரலாம்.

மாமாவின் நிறை 82 கிலோ. ஃபைப்ரோஸ்கேனில் ஆரம்பத் தழும்பு தெரிந்தது. சோறு முற்றாக நிற்கவில்லை, இரவுப் பிட்டு பாதியானது, பிளேன்டீக்குப் போட்ட மூன்று கரண்டிச் சீனி நின்றது, எருமைத் தயிருக்குப் போடும் சீனிக்கு இன்னும் சண்டை நடக்கிறது. எட்டு மாதத்தில் 76 ஆகியிருக்கிறார். அந்தப் பத்திலொன்றுக்கு இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும்.