பால் கொடுக்கும் காலத்தில் ப்ரா வாங்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கடைவீதியில் உள்ளாடை வாங்கப் போகும் பெண்களில் பலர் கவுன்ட்டரில் சொல்வது ஒரே வரிதான்: "34 குடுங்க." கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அதே எண். விற்பவர் ஆணாக இருந்தால் அந்த ஒரு வரியும் பாதிக் குரலில்தான் வரும். கப் அளவைச் சொல்ல வாய் வராது, போட்டுப் பார்க்க இடமும் இருக்காது. பிள்ளை பெற்ற உடம்புக்கு இந்த முறை ஒத்துவராது. பால் சுரக்கும் மார்பு விடியற்காலையில் ஓர் அளவு, பிள்ளை குடித்து முடித்ததும் ஓர் அளவு, பிள்ளை மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் இன்னோர் அளவு. பிரசவமான 2 முதல் 4 நாளுக்குள் பால் நிறைந்து வரும்போது ஒரே ராத்திரியில் கப் ஓரளவோ இரண்டளவோ கூடிவிடும். இப்படி மாறிக்கொண்டே இருப்பதற்கு ஏதோ ஒரு நாளின் அளவில் வாங்குவதுதான் பின்னால் வரும் பெரும்பாலான தொந்தரவுகளுக்கு வேர்.

வளைகாப்பு முடிந்ததும் அரை டஜன் வாங்கி வைப்பது

ஆஸ்பத்திரிப் பை கட்டும்போதே ஃபீடிங் ப்ராவும் ஆறு வாங்கி அடுக்கிவிடுவார்கள். ஏழாம் மாதத்தில் வயிறு மேலேறி விலா விரிந்திருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அது சுருங்கும், மார்போ பெருக்கும். அதனால் ஏழாம் மாதத்தில் கச்சிதமாக இருந்தது பட்டையில் தொளதொளவென்றும் கப்பில் பிதுங்கியும் நிற்கும்.

36 வாரம் ஆனபின் இரண்டோ மூன்றோ வாங்குங்கள், போதும். கம்பி இல்லாத, இழுத்தால் இளகிக் கொடுக்கும் துணி. பின்பட்டையில் மிகத் தளர்வான கொக்கி வரிசையில் மாட்டினால் சரியாக இருக்க வேண்டும். உடம்பு சுருங்கச் சுருங்க உள்வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். கப்பின் மேற்புறத்தில் உங்கள் உள்ளங்கை நுழையும் இடம் மிச்சம் இருக்கட்டும். விலை கொடுத்து ஆசையாக வாங்க வேண்டியதை, பிரசவமாகி 6 முதல் 8 வாரம் கழித்து வாங்குங்கள். அதற்குள் சுரப்பு பிள்ளையின் பசிக்கு ஏற்ப ஒரு நிதானத்துக்கு வந்திருக்கும்.

அளவெடுக்காமல் எண்ணைச் சொல்வது

கடையில் போட்டுப் பார்க்க முடியாத ஊரில் வீட்டிலேயே அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போவதுதான் வழி. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். பிள்ளை குடித்து ஒரு மணி நேரம் ஆனபின், மார்பு வற்றியும் இல்லாமல் கட்டியும் இல்லாமல் இருக்கும்போது அளக்க வேண்டும். முதலில் மார்புக்குக் கீழே, டேப்பை முதுகில் ஏறவோ இறங்கவோ விடாமல் சுற்றி, மூச்சை வெளியே விட்டு இறுக்கமாக ஒரு அளவு. அடுத்து மார்பின் எடுப்பான இடத்தில், அழுத்தாமல் ஒரு அளவு.

கீழ்ச்சுற்று 30 அங்குலம், மேற்சுற்று 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் விற்கும் பல கம்பெனிகள் கீழ்ச்சுற்று இரட்டைப்படையாக இருந்தால் 4, ஒற்றைப்படையாக இருந்தால் 5 கூட்டிப் பட்டை எண் போடுகின்றன. 30 உடன் 4 சேர்த்தால் 34. மேற்சுற்று 37-லிருந்து 34-ஐக் கழித்தால் 3. வித்தியாசம் 1 என்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 சி, 4 டி. ஆக 34சி. எல்லாக் கம்பெனிகளும் இதே கணக்கில் போவதில்லை. பெட்டிக்குப் பின்னால் சென்டிமீட்டரில் அட்டவணை இருந்தால் கூட்டல் கழித்தலை விட்டுவிட்டு அதையே நம்புங்கள்.

இன்னொரு கணக்கும் உதவும். 34சி, 36பி, 32டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். கப் சரி, பட்டை மட்டும் இறுக்குகிறது என்றால் 36பி கேட்கலாம். "டைட்டா இருக்கு" என்று சொல்லி 36சி வாங்கிவந்தால் கப்பும் சேர்ந்து பெரிதாகிவிடும். கொஞ்சமாக இறுக்கும் பட்டைக்கு ஃபேன்ஸி ஸ்டோர்களில் கிடைக்கும் ஹூக் எக்ஸ்டென்டர் ஒன்றை மாட்டினாலே தீரும்.

போட்டபின் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். பின்பட்டை மேலேறினால் பட்டை பெரிது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக் கையும் நுழைந்தால் அது தாங்காது. தோளில் பள்ளம் விழுகிறது என்றால் பட்டை செய்ய வேண்டிய வேலையைத் தோள்பட்டி செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பட்டியை இன்னும் சுருக்கினால் வலி கூடும். பட்டையைச் சரியான அளவுக்கு மாற்றினால்தான் தோள் தப்பிக்கும். கப்பின் மேலோரத்திலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறிது. பால் சுரப்பிகள் அக்குள் வரை நீள்கின்றன. அங்கே அழுத்துவது வெறும் கொழுப்பு இல்லை.

சாதாரண ப்ராவை மேலே ஏற்றிவிட்டுப் பால் கொடுப்பது

"ஏற்கனவே இருக்கிறதே போதும்" என்று நைட்டிக்குள் பழைய ப்ராவைக் கழுத்துப் பக்கம் ஏற்றிவிட்டுக் கொடுப்பது மிகச் சகஜம். அப்போது பட்டையின் எலாஸ்டிக் மார்பின் மேற்பகுதியில் குறுக்காக ஓடி அமுக்குகிறது. 20 நிமிடம் அப்படியே இருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள பால் சரியாக இறங்காது. நாள்தோறும் எட்டுப் பத்து முறை இது நடந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி தெரிய ஆரம்பிக்கும். கப்பைக் கீழே இழுத்துவிட்டுக் கொடுத்தாலும் இதே கதைதான், அழுத்தம் அடிப்பக்கம் வரும்.

ஃபீடிங் ப்ரா என்று எழுதியிருந்தாலும் உள்ளே பாருங்கள். கிளிப்பைக் கழற்றிக் கப் கீழே விழுந்தபின் உள்ளே ஒரு துணி வளையம் நிற்கும். சிலவற்றில் அந்த வட்டம் காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். பிள்ளையின் வாய் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும், தாடை மார்பில் அழுந்த வேண்டும். சின்ன ஓட்டைக்குள் அது நடக்காது. துணியின் விளிம்பும் சதையில் பதிந்துகொள்ளும். ஓட்டை பெரிதாக, மார்பின் முன்பகுதி முழுவதும் வெளியே வரும்படி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஒரு பட்டி நிற்கும் மாதிரி இன்னும் நல்லது.

கிளிப்பை ஒரு கையால் கழற்றி ஒரு கையால் மாட்ட முடிகிறதா என்பதையும் வாங்கும் முன் சோதியுங்கள். மறு கையில் பிள்ளை இருக்கும். தமிழ்நாடு அரசு 2015-ல் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும், வீறிடும் பிள்ளையோடு மல்லுக்கட்டிக் கிளிப்பைத் தேடும் நிலை வரக்கூடாது.

கம்பி வைத்த ப்ரா போட்டவர்களுக்கெல்லாம் பால் கட்டிவிடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் வேண்டாம். கம்பியின் வளைவு ஓர் அளவுக்கு மட்டுமே பொருந்தும். மார்பு பெருத்த நேரத்தில் அது சதையின் மேல் ஏறி உட்காரும். சுரப்பு நிலைப்பட்டபின் போட்டே ஆக வேண்டும் என்றால், கம்பி முழுவதும் விலா எலும்பின் மேல் படிய வேண்டும், ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

ப்ராவை மாற்றிவிட்டு ஜாக்கெட்டை மறந்துவிடுவது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நல்ல ப்ரா வாங்கிப் போட்டுவிட்டு, அதன் மேல் கல்யாணத்துக்குத் தைத்த லைனிங் வைத்த பட்டு ஜாக்கெட்டை மூச்சைப் பிடித்து மாட்டுவார்கள். பேர் வைக்கும் விசேஷத்துக்கோ ஆடியில் கோட்டை மாரியம்மன் கோவிலுக்கோ போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். பின்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் என்றால் நடுவில் பால் கொடுக்கவும் வழியில்லை. மறுநாள் மார்பு கல்லாகி நிற்கும். பழியோ ப்ராவின் மேல் விழும். பழைய ஜாக்கெட்டில் இருபக்கத் தையலுக்குள்ளும் துணி விட்டிருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தைப்பதாக இருந்தால் முன்கொக்கி, பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்துணி, ஃபீடிங் ப்ராவை உள்ளே போட்டுக்கொண்டு அளவு. மூன்றையும் தையல்காரரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும்.

சில்லறை பர்ஸை மார்பருகே செருகிக்கொள்வதும் இதே வகை அழுத்தம்தான். எந்தப் பக்கம் கொடுத்தோம் என்று ஞாபகம் வைக்க ப்ராவில் ஊக்குக் குத்துவார்கள். அது திறந்துகொண்டால் பிள்ளையின் கன்னம் அங்கேதான் இருக்கும். ஒரு ரப்பர் பேண்டையோ ரிப்பனையோ பட்டியில் கட்டுங்கள்.

சேலத்துக்கு வாங்கியதையே ஏற்காட்டுக்கும் வைத்துக்கொள்வது

சித்திரை, வைகாசி வெயிலில் சேலத்தில் தடித்த ஃபோம் கப் போட்டால் வியர்வையும் பாலும் உள்ளேயே ஊறும். மார்புக்குக் கீழே மடிப்பில் சிவந்து அரிக்கும், சிலருக்குப் பூஞ்சைத் தொற்றும் வரும். பருத்தி அதிகமும் இழுவைக்கு எலாஸ்டேன் கொஞ்சமும் கலந்த பின்னல் துணி இங்கே ஏற்றது. ஒன்று உடம்பில், ஒன்று தோய்த்துக் காய, ஒன்று கையிருப்பு என்று மூன்று இருந்தால் ஓட்டலாம்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கணக்கே மாறும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். பருத்தி காயாது, ஃபோம் கப் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாக இருக்கும். மேலே இருப்பவர்களுக்கு நான்கைந்து வேண்டும், எல்லாமே மெல்லிய கப்பாக இருக்கட்டும். அவசரத்துக்கு அடுப்புப் பக்கத்தில் காட்டினால் எலாஸ்டிக் செத்துவிடும். தோய்த்ததும் முறுக்காமல், உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள்.

மலையானாலும் கீழேயானாலும் எங்கும் உள்ள ஒரு பழக்கம் எங்களை வருத்துகிறது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று ப்ராவைப் பாவாடைக்கு அடியிலோ குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ மறைத்துக் காயப்போடுகிறார்கள். அது முழுதாகக் காய்வதே இல்லை. அரை ஈரத்தோடு போட்டால் ஏற்கனவே வெடித்துப் புண்ணான காம்பு ஆறுவதற்கு வழி இல்லாமல் போகும். மொட்டை மாடியில் காற்றோட்டமான நிழலில், இரண்டு கப்புக்கும் நடுவே கொடியில் மடித்து வெளிப்படையாகக் காயவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் பழகிக்கொள்வார்கள். உச்சி வெயில் நேராகப் படவேண்டாம், எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துபோகும். துணி மிருதுவாக்கும் திரவத்தையும் விட்டுவிடுங்கள், அது பருத்தி உறிஞ்சுவதைக் குறைக்கும்.

கசிவுக்கு வைக்கும் பேடும் ஈரமானதும் மாற்ற வேண்டியது. பிளாஸ்டிக் அடிப்பாகம் உள்ளதை மணிக்கணக்கில் வைத்திருந்தால் தோல் ஊறிப்போகும். பழைய மெல்லிய வேட்டியைக் கஞ்சி போக அலசி, 5 அங்குல வட்டமாக வெட்டி, ஐந்தாறு மடிப்பு சேர்த்து ஓரம் தைத்தால் நல்ல பேட். ஒரு டஜன் தேவைப்படும். கப்பில் அதற்கும் இடம் வேண்டும் என்பதால் பேடை வைத்துக்கொண்டே ப்ராவைப் போட்டுப் பாருங்கள்.

"பால் கொடுக்கிறவளுக்கு அழகு எதுக்கு" என்று விட்டுவிடுவது

வீட்டுப் பெரியவர்கள் 'பாடி' என்று சொல்லும் அந்த வெள்ளைப் பருத்தி ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு காலம் தினமும் உடம்பை ஒட்டி இருப்பது பார்க்கப் பிடித்ததாக இருப்பதில் ஒரு தவறும் இல்லை. தவறு நடப்பது எங்கே என்றால், அழகுக்காக வாங்கும்போது லேஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காததில்.

மேலோரத்திலும் பின்பட்டையிலும் லேஸ் இருக்கலாம். காம்பு படும் இடத்தில் உள்பக்கம் மிருதுவான பருத்தி இருக்க வேண்டும். தையல் கோடு அதன் மேல் குறுக்கே போகக்கூடாது. கப்பின் உள்பக்கத்தை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பத்துமுறை தேய்த்துப் பாருங்கள், உறுத்தினால் வேண்டாம். வடிவத்துக்கு ஃபோம்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தைத்த கப் ஃபோம் இல்லாமலே தூக்கிப் பிடிக்கும். சுடிதாருக்குள் கோடு தெரியாமல் வழவழப்பாக வேண்டுமென்றால், காற்றுப் போகும் ஸ்பேசர் துணியில் வார்த்த மெல்லிய கப் கேளுங்கள். வெளிர்நிற ஜாக்கெட்டுக்குள் வெள்ளை ப்ரா தெரியும், தோல்நிறம் தெரியாது. கசிவின் ஈரம் தெரியாமலிருக்க மேலே பூப்போட்ட துணியோ அடர்நிறமோ உடுத்தலாம்.

ராத்திரிக்கு ப்ரா கட்டாயம் இல்லை. கசிவு இருந்தால் கொக்கியும் கிளிப்பும் இல்லாத, முன்னால் குறுக்காக மடியும் தளர்வான ஒன்று போதும். பால் கசியாமலிருக்க இறுக்கமான ஸ்போர்ட்ஸ் ப்ரா போட்டுத் தூங்குவது வேண்டாத வினை.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, வலித்து, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கட்டியைக் கசக்கிப் பிழியவும் வேண்டாம்; குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். அழுத்தும் ப்ராவைக் கழற்றித் தளர்வாகத் தாங்கும் ஒன்றைப் போடுங்கள்.

6 மாதத்துக்குப் பின் பிள்ளை சோறும் கஞ்சியும் சாப்பிட ஆரம்பித்ததும் மார்பு மெல்லச் சிறுக்கும். அப்போது டேப்பை மறுபடி எடுங்கள். கடைசி உள்வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை மேலேறினால் அந்த ப்ராவின் காலம் முடிந்தது.