சும்மா இருக்கும்போது எத்தனை வாட்? வீட்டு மெய்நிகர் சர்வருக்கு வன்பொருள் தேர்வு

விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், விளக்குகளையும் மோட்டாரையும் கவனிக்க ஹோம் அசிஸ்டென்ட், குடும்பப் படங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீடியோக்களுக்கு ஜெல்லிஃபின் என நான்கைந்து மெய்நிகர் கணினிகளை (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் பிரிக்கப்பட்ட தனித்தனிக் கணினிகள்), அவற்றை நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருளில் ஓட்டும் ஒரு வீட்டுச் சர்வர், நாளின் பெரும்பகுதியை எந்த வேலையும் இன்றியே கழிக்கிறது. எனவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்பதாகும்.

ஓயாமல் இழுக்கப்படும் ஒரு வாட், ஆண்டுக்கு 8.76 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் 60 நாளுக்குப் பார்ப்போம்: 10 வாட் பெட்டி 14.4 யூனிட் எடுக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய, 100 வாட் இழுக்கும் பழைய ரேக் சர்வர் 144 யூனிட் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைத் தனி ஆளாகத் தின்று தீர்த்துவிடும். மின்விசிறிகளின் இரைச்சலை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

செயலியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் டிடிபி எண்ணை இந்தக் கேள்விக்கு விடையாகக் கொள்ளக் கூடாது. அது முழுச் சுமையில் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தைக் குறிப்பது. இன்டெலின் 65 வாட் ஐ5-8500, 35 வாட் ஐ5-8500டி ஆகிய இரண்டும் ஒரே சில்லில் இருந்து வந்தவை என்பதால் ஓய்வில் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தையே எடுக்கும். டி வகையில் உச்ச வேகத்துக்கு ஒரு கடிவாளம் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என் பார்வையில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வழிகளே போதும். ஒன்று, 2023இல் வந்த இன்டெல் என்100 பொருத்திய சிறு பெட்டி: நான்கு கோர்கள், மிகக் குறைந்த மின்செலவு, ஜெல்லிஃபினுக்குத் தேவையான குவிக் சிங்க் (வீடியோவை வேறு வடிவத்துக்கு வேகமாக மாற்றும்) வசதி ஆகியவை உண்டு, ஆனால் நினைவகத்துக்கு ஒரே சேனல், இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொல்லும் வரம்பு 16 ஜிபி. மற்றொன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எலைட்டெஸ்க் மினி போன்ற சிறு கணினிகள். எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பெட்டியில் ஆறு கோர்களும் இரண்டு ரேம் இடங்களும் கிடைப்பதால், நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். செயலியின் நேரத்தை மெய்நிகர் கணினிகள் எளிதாகப் பங்கிட்டுக்கொள்ளும். நினைவகத்தை அப்படிப் பங்கிடுவது கடினம் என்பதால், காசு மிஞ்சினால் அது ரேமுக்கே போகட்டும். 16 ஜிபியில் தொடங்கலாம், 32 ஜிபி இருந்தால் நிம்மதி.

பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே பயாஸை (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) திறந்து, கடவுச்சொல் பூட்டு இல்லை என்பதையும், மெய்நிகர் கணினிகளுக்குத் துணை செய்யும் விடி-எக்ஸ், வன்பொருளை அவற்றுக்கு நேரடியாகக் கொடுக்க உதவும் விடி-டி இரண்டும் இயங்குகின்றன என்பதையும் பார்த்துவிட வேண்டும். அசல் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் செயலியின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும் பெட்டிகள் உண்டு.

பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கட்டுவோர் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது பவர் சப்ளை: மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரப்படும் 80 பிளஸ் தங்கச் சான்று 20 சதவீதச் சுமைக்குக் கீழே எதையும் அளப்பதில்லை, 550 வாட் சப்ளையில் 20 சதவீதம் என்பதே 110 வாட் ஆகிவிடுவதால், 15 வாட்டில் ஓடும் சர்வருக்கு அந்தச் சான்று எந்த உறுதியும் தருவதில்லை. இரண்டாவது, கூடுதல் கார்டுகள்: ஏஎஸ்பிஎம் என்னும் மின்சேமிப்பு முறையை ஏற்காத டிஸ்குகளை இணைக்கும் ஒரே ஒரு சாட்டா கார்டோ ரெய்டு கார்டோ இருந்தால்கூட, செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக முடியாமல் விழித்தே கிடக்கும். மின்செலவைக் காட்டும் பவர்டாப் நிரலில் பேக்கேஜ் சி-நிலைகளை (செயலி எவ்வளவு ஆழமாக உறங்குகிறது என்பதைக் காட்டும் படிகள்) பார்த்தால் இது உடனே தெரியும்.

சேமிப்புக்கு எஸ்எஸ்டியே நல்லது. சுழன்றுகொண்டே இருக்கும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் சில வாட்களைக் கூட்டும். பிராக்ஸ்மாக்ஸ் ஓயாமல் சிறுசிறு பதிவுகளை எழுதிக்கொண்டே இருப்பதால், விலையை மட்டும் பார்க்காமல் டிபிடபிள்யூ எண்ணையும் (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை தாங்கும் என்பது) ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின், பிளக்கில் செருகும் வாட்மீட்டரால் சுவரிலேயே அளந்து பாருங்கள். மென்பொருள் காட்டும் எண்ணில் அடாப்டரின் இழப்பு சேர்வதில்லை. சர்வரை வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால், அதன் பின்புறம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளமாக இருப்பதால், கரண்ட் போகும்போது சர்வர் அணைந்து மீண்டும் எழ நேரலாம்.