பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில் எங்கள் பழைய காரின் டாஷ்போர்டில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. பேட்டரியை மாற்றுமாறு பலர் கூறினாலும், முதலில் மல்டிமீட்டரால் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) அளந்தேன். எஞ்சின் நின்றிருக்கையில் 12.4 வோல்ட் காட்டிய பேட்டரி, எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை உயர்ந்திருக்க வேண்டும், அதுவோ 12.1க்கு இறங்கியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்பக்க முனையிலும் அதே அளவே கிடைத்ததால், இடைப்பட்ட ஒயரில் பழுதில்லை, ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு என்று தெளிந்தேன். (ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பது, ஆல்டர்னேட்டரின் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் டயோடுகளையே எரித்துவிடக்கூடும், அதை யாரும் செய்யவே கூடாது.) ஆல்டர்னேட்டரைப் பிரித்தபோது, அதன் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, அந்தப் பாகத்திலுள்ள ஸ்லிப் ரிங் என்ற உலோக வளையத்தைச் சரியாகத் தொடாமல் இருந்தன. கும்பகோணத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பிரஷ்களை மாற்றித் தந்தபின் மீட்டர் 14.2 காட்டியது.