கொயின் அக்செப்டரின் ஃபேர்ம்வெயாரில் கை வைக்க முன்: தொடங்குவோருக்கான செய்முறை

கொழும்பு வெள்ளவத்தையில் மாணவிகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. அங்கே குத்தி போட்டால் ஓடும் வோஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது. போன மாதம் விடுதி நடத்தும் அம்மா கோல் எடுத்தார். "தம்பி, மஞ்சள் அஞ்சு ரூபாயை எடுக்குது, வெள்ளை அஞ்சு ரூபாயைத் துப்புது. அப்டேட் பண்ண வேணுமாம் எண்டு சொல்லுகினம்."

போய்ப் பார்த்தேன். குத்தியை அளந்து எடுக்கவோ துப்பவோ செய்யும் அந்தப் பெட்டிக்கு, அதாவது கொயின் அக்செப்டருக்கு, எந்த ஃபேர்ம்வெயார் (உள்ளே ஓடும் நிரல்) அப்டேட்டும் தேவைப்படவில்லை. வெள்ளைக் குத்தியை அதற்கு யாரும் பழக்கவே இல்லை, அவ்வளவுதான். அரை மணித்தியால வேலை. அன்றைக்கு யாராவது கிடைத்த ஃபைல் ஒன்றை ஏற்றியிருந்தால், நல்ல பெட்டி ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தக் குழப்பம் தொடங்குகிற எல்லோருக்கும் வருகிறது. அதனால் இந்தப் பதிவில் அப்டேட் செய்வது எப்படி என்பதோடு, எப்போது அது தேவை, எப்போது தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

குத்தி உருண்டு போகும் பாதையின் பக்கச் சுவரில் செப்புக்கம்பிச் சுருள்கள் இருக்கும். அவற்றில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. உலோகம் அருகே வந்ததும் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, சுருளின் அளவீடு மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது குத்தியின் விட்டம், தடிப்பு, உலோகம் மூன்றையும் பொறுத்தது. நல்ல அக்செப்டர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் பார்க்கும். உயர்ந்த அதிர்வெண் குத்தியின் மேற்பரப்போடு நின்றுவிடும், தாழ்ந்தது உள்ளே வரை போகும். ஆகவே மஞ்சள் 5 ரூபாய், ஒரு பார்வைக்குப் பித்தளையாகவும் மறு பார்வைக்கு எஃகாகவும் தெரியும். அது பித்தளை முலாம் பூசிய எஃகு. முலாம் தேய்ந்த குத்தியை மெஷின் ஏன் துப்புகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பதை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் வன்பொருள்: சுருள், சென்சர், கதவு இழுக்கும் மின்காந்தம், கரண்ட். அதற்கு மேலே ஃபேர்ம்வெயார்: எப்படி அளப்பது, எப்படித் தீர்மானிப்பது, வெளியே எப்படிச் சொல்வது என்ற நிரல். எல்லாவற்றுக்கும் மேலே குத்தித் தரவு: "இந்த எல்லைக்குள் வந்தால் இது 10 ரூபாய்" என்ற எண்கள். புதுக் குத்தியை எடுக்காவிட்டால் பெரும்பாலும் மேல் அடுக்கில்தான் குறை. எல்லாக் குத்தியையும் ஒரு நேரம் எடுத்து ஒரு நேரம் துப்பினால் கீழ் அடுக்கைப் பாருங்கள். நடு அடுக்கைத் தொட வேண்டிய நாள் வருடத்தில் ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம்.

முதலில் துடையுங்கள், அளந்து பாருங்கள்

கரண்டைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தைத் திறந்து, குத்தி ஓடும் பாதையை ஐசோபுறப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடல் பக்கம் இருக்கும் பெட்டிகளில் உப்புக் காற்றும் தூசும் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படை பிடித்திருக்கும். குத்தி மெதுவாக உருண்டால் அளவீடு பிழைக்கும். கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது 12 வோல்ட். மல்டிமீற்றரை வைத்துச் சும்மா இருக்கும்போது அளந்து, "சரியாகத்தான் வருது" என்று முடிவெடுக்க வேண்டாம். குத்தி விழுந்து மின்காந்தம் இழுக்கும் அந்தக் கணத்தில் பாருங்கள். மீற்றர் சட்டென்று கீழே இறங்கி ஏறினால் அடப்டர் போதாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அடப்டர் வாங்கும்போது நான் கடைக்கார நானாவிடம், "நானா, ஒரு பல்ப் கொளுவிக் காட்டுங்கோ" என்று கேட்டுச் சுமையோடு அளந்துதான் வாங்குவேன். அவரும் மறுக்கமாட்டார்.

குத்தியைப் பழக்குதல்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேதான் தீரும்.

எங்கள் நாட்டில் ஒரே பெறுமதிக்குப் பல முகங்கள். 2005இல் வந்த 5 ரூபாய் பித்தளை முலாம் பூசிய எஃகு, மஞ்சள். 2017 ஆண்டுக் குத்திகள் துருப்பிடிக்காத எஃகு, வெள்ளை. இரண்டும் கையில் 5 ரூபாய்தான், சுருளுக்கு வெவ்வேறு பொருள்கள். 10 ரூபாயில் நிறம் உதவாது, ஆண்டைப் பார்த்துப் பழையது, புதியது என்று பிரியுங்கள். 2009இல் வந்த 10 ரூபாய்க்குப் பதினொரு பக்கம். வட்டமில்லாத குத்தி உருளும்போது ஒவ்வொரு முறையும் சற்று வேறாகத் தெரியும், எனவே அதற்கு மாதிரி கூடுதலாகப் போடுங்கள்.

ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 20 குத்தி சேருங்கள். பளபளக்கும் புதியவை மட்டும் வேண்டாம். பஸ் கொண்டக்டரின் கையிலும் மீன் சந்தையிலும் புழங்கிக் கறுத்தவையும் இருக்க வேண்டும், உங்கள் மெஷினுக்குள் விழப்போவது அவைதான். ஒரே குத்தியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அக்செப்டர் அந்த ஒரு குத்தியை மட்டும் படித்துக்கொள்ளும்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் சிஎச்-926 வகையை வைத்துச் சொல்கிறேன். அதில் கூட்டல், கழித்தல், செட்டப் என்று மூன்று பொத்தான்களும், சிறிய எண் காட்டியும் இருக்கும். கூட்டலையும் கழித்தலையும் சேர்த்து ஏறத்தாழ 3 செக்கன் அழுத்திப் பிடித்தால் "ஏ" எழுத்து வரும். செட்டப்பை அழுத்தினால் "இ": எத்தனை வகைக் குத்தி என்று கேட்கிறது. இரு 5, இரு 10 என்றால் 4 வையுங்கள். (இந்த வகை 6 வரை எடுக்கும்.) மீண்டும் செட்டப், "எச்" வரும்: மாதிரிக்கு எத்தனை குத்தி, 20. அடுத்து "பி": இந்தக் குத்தி விழுந்தால் மெஷினுக்கு எத்தனை மின் துடிப்பு அனுப்ப வேண்டும். மிகச் சிறிய பெறுமதியை 1 ஆக வையுங்கள். 5 ரூபாய்க்கு 1, 10 ரூபாய்க்கு 2. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒரே எண். கடைசியாக "எஃப்": எவ்வளவு கறாராக ஒப்பிட வேண்டும் என்பது. 1 மிகக் கறார், எண் கூடக் கூட இளக்கம். 8இல் தொடங்குங்கள். எல்லா வகைக்கும் இப்படிக் கொடுத்து முடித்துச் சேமித்ததும், கரண்டை நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

பிறகு மாதிரிக் குத்திகள். செட்டப்பை அழுத்தி முதல் வகையைத் தேர்ந்து, 20 குத்தியையும் ஒவ்வொன்றாகக் குத்தி போடும் துவாரத்தில் வைத்து, தள்ளாமல், தானாக விழ விடுங்கள். மெஷினைப் பாவிப்பவர்கள் எப்படிப் போடுவார்களோ அப்படி. பெட்டியும் கடைசியில் எப்படி நிற்குமோ அதே நிலையில் நேராக நிற்க வேண்டும். மேசையில் சாய்த்து வைத்துப் பழக்கிவிட்டு மெஷினில் நேராகப் பூட்டினால், படித்தது எல்லாம் வீண்.

பழக்கிய பின் நல்ல குத்தியைத் துப்பினால் எஃப்பை ஒரு படி கூட்டுங்கள். வேறு குத்தியையோ வட்டத் தகட்டையோ விழுங்கினால் குறையுங்கள். 15க்கு மேலே போக வேண்டி வந்தால், கூட்டுவதை விட்டுவிட்டு மாதிரிகளை மீண்டும் கொடுப்பதே என் வழக்கம்.

இந்த மலிவு வகைகளின் ஃபேர்ம்வெயாரை வெளியிலிருந்து மாற்றப் பொதுவாக வழி கிடையாது. "இதுக்கு அப்டேட் போட்டுத் தாறன்" என்று யாராவது காசு கேட்டால், எந்த வயர் வழியாக ஏற்றப்போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

உண்மையிலேயே ஃபேர்ம்வெயார் என்றால்

சிசிடோக் முறையில் பேசும் அக்செப்டர்களுக்குத்தான் இந்தப் பகுதி. 1990களில் பிரித்தானியாவின் கொயின் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் உருவாக்கிய தொடர்பு முறை அது. ஒரே தரவு வயர், செக்கனுக்கு 9600 பிட். கொம்பியூட்டரோடு இணைக்க அதற்கென்றே செய்த யூஎஸ்பி இடைமுகம் ஒன்றை வாங்குங்கள். போவதும் வருவதும் ஒரே வயர் என்பதால், நீங்கள் அனுப்பியதே முதலில் உங்களுக்குத் திரும்பி வரும், அதற்குப் பின்தான் பதில். தொடங்குபவர்கள் இதைப் பதில் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

செய்தியின் அமைப்பு எளிது: பெறுபவர் எண், தரவு எத்தனை பைட், அனுப்புபவர் எண், கட்டளை எண், தரவு, சரிபார்ப்பு எண். அக்செப்டரின் வழக்கமான எண் 2, உங்களுடையது 1. எல்லாவற்றையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும், அதற்காகத்தான் கடைசி எண். "இருக்கிறாயா?" என்று கேட்கும் கட்டளை 254. அனுப்ப வேண்டியது: 2, 0, 1, 254, 255. பெட்டி உயிரோடு இருந்தால் 1, 0, 2, 0, 253 என்று சொல்லும். முதன்முதலாக அந்தப் பதில் திரையில் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

பதில் வந்ததா? இனி எதையும் ஏற்ற முன் கேட்டு எழுதிவையுங்கள். 246 தயாரிப்பாளர், 244 மாடல் பெயர், 242 தொடர் இலக்கம், 241 ஃபேர்ம்வெயார் பதிப்பு, 192 கட்டமைப்புக் குறி, 184 ஒவ்வொரு வாயிலிலும் (ஒரு குத்தி வகைக்கான இலக்கமிட்ட இடம்) இருக்கும் குத்தி. பெட்டி சொல்லும் இந்த விவரங்களும் தயாரிப்பாளர் தந்த ஃபைலின் விவரங்களும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால் மட்டும் தொடருங்கள். "இதே மாதிரிதான்" என்பது போதாது. வெளியே ஒரே பிளாஸ்டிக், உள்ளே வேறு சர்க்கியூட் போட் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எதற்காக அப்டேட் செய்வது? நூல் கட்டிய குத்தியை உள்ளே விட்டு இழுப்பதைக் கண்டுபிடிக்கும் வசதி, போலிக்கான எல்லையைத் தனியாக வைக்கும் வசதி, தொடர்பில் இருந்த பிழையின் திருத்தம், மறையாக்கம். இவற்றில் ஒன்று உங்களுக்குத் தேவை என்றால் செய்யுங்கள். நன்றாக ஓடும் பெட்டியை, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் தொடமாட்டேன்.

ஏற்றும்போது கொம்பியூட்டரும் அக்செப்டரும் இரண்டுமே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். 2022இல் கரண்ட் கட் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் என் மேசையில் ஒரு அக்செப்டருக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். மடிக்கணினி பற்றரியில் ஓடியது. அக்செப்டரின் 12 வோல்ட் மட்டும் சுவர் பிளக்கில். பாதியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. கரண்ட் வந்த பின் 254 அனுப்பினேன், அனுப்பியது மட்டுமே திரும்பி வந்தது. சில வகைகளில் ஏற்றும் நிரல் தனியே பாதுகாப்பாக இருக்கும், மீட்கலாம். அதில் இருக்கவில்லை. அந்தப் பெட்டி இப்போதும் என் லாச்சியில் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏற்றத் தொடங்க முன் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

வேறு சாதனங்கள் அதே வயரில் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஏற்றும் வேலையைத் தயாரிப்பாளரின் மென்பொருளிடமே விடுங்கள், கையால் கட்டளை அனுப்ப வேண்டாம். முடிந்ததும் கரண்டை நிறுத்திப் போட்டு, 241ஐ மறுபடி கேளுங்கள். பதிப்பு மாறியிருக்க வேண்டும். 232 அனுப்பினால் பெட்டி தன்னைத்தானே சோதித்து, குறை இல்லையென்றால் 0 சொல்லும்.

"ஏற்றினேன், இப்போது ஒரு குத்தியையும் எடுக்குதில்லை" என்று பதறவும் வேண்டாம். சிசிடோக் அக்செப்டர்கள் விழித்ததும் பொதுவாக எல்லாக் குத்தியையும் தடுத்து வைத்தே நிற்கும், நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். 2, 2, 1, 231, 255, 255, 22 என்பது பதினாறு வாயில்களையும் திறக்கும். 2, 1, 1, 228, 1, 23 என்பது முதன்மைப் பூட்டைத் திறக்கும். பிறகு 2, 0, 1, 229, 24 என்று செக்கனுக்கு ஐந்து தரம் கேட்டுக்கொண்டிருந்தால், விழுந்த குத்திகளின் கணக்கைத் தரும். பதிலின் முதல் தரவு ஒரு நிகழ்வு எண்ணி. அது 0 என்றால் பெட்டி இடையில் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடிக்கடி 0 வந்தால், மேலே சொன்ன அடப்டர் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

எந்த வழியில் வேலை செய்திருந்தாலும், கதவை மூட முன் மாதிரிக்குப் பாவிக்காத வேறு 50 குத்தி போட்டுப் பாருங்கள். எத்தனை எடுத்தது, எத்தனை துப்பியது என்று எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்துத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். வெள்ளவத்தைப் பெட்டிக்குள் இப்போது ஒட்டியிருக்கும் தாள் இது:

வகை 4. மஞ்சள் 5: பி 1, எஃப் 8. வெள்ளை 5: பி 1, எஃப் 8. பழைய 10: பி 2, எஃப் 10. புதிய 10: பி 2, எஃப் 8. மாதிரி 20 வீதம். சோதனை 50இல் 49. துப்பியது ஒன்று, வளைந்த குத்தி. அடப்டர் புதியது.